அரண்மனை அருங்காட்சியகமாதல்: லூவரில் உடைமை, நுழைவு, இடம்

ஆய்வுச்சுருக்கம்

பாரிசு நகரின் லூவர் அரண்மனை 1793 ஆகஸ்ட் 10ஆம் நாள் பொது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அரசரின் மாளிகை மக்களிடம் சேர்ந்த நாள் என்று அந்நாளைக் குறிப்பிடுவது வரலாற்று நூல்களில் வழக்கம். எனினும், 'பொது' என்னும் சொல் இங்கு மூன்று பொருள்களை ஏற்கிறது. கலைப்பொருள்கள் யாருடையவை, அவற்றைக் காண யார் வரலாம், கட்டடம் யார் கையில் உள்ளது என்பன அவை. இம்மூன்றும் லூவரில் ஒரே காலத்தில் மாறவில்லை என்பதையும், உடைமை மாற்றத்திற்குக் கூறப்பட்ட காரணமே பிற நாடுகளின் கலைச்செல்வங்களைக் கொண்டுவருவதற்கும் பயன்பட்டது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: லூவர், பிரெஞ்சுப் புரட்சி, பொது அருங்காட்சியகம், அரச சேகரிப்பு, உடைமை, கலைப்பொருள் மீட்பு.

முன்னுரை

அருங்காட்சியகவியல் பற்றிய அறிமுக நூல்கள் பலவற்றுள் லூவரின் வரலாறு எளிய வடிவில் கூறப்படுகிறது. அரசர் தமக்கென்று வைத்திருந்த ஓவியங்களையும் சிற்பங்களையும் புரட்சி கைப்பற்றியது. அரண்மனையின் கதவுகள் திறந்தன. குடிமக்கள் உள்ளே வந்தனர். இக்கூற்று பிழையானதன்று, ஆயினும் நிறைவானதன்று. புரட்சிக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அரச ஓவியங்கள் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டுள்ளன. அருங்காட்சியகம் திறந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே காட்சிக்கூடத்தில் ஒரு பேரரசரின் திருமண ஊர்வலம் நடந்துள்ளது. அரண்மனையின் ஒரு சிறகு 1989 வரை நிதி அமைச்சகத்தின் அலுவலகமாக இருந்துள்ளது. இவ்வுண்மைகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, லூவர் எப்போது 'பொது' ஆயிற்று என்னும் வினாவிற்கு ஒரே ஓர் ஆண்டை விடையாகக் கூற இயலாது என்பது புலனாகும். எனவே, உடைமை, நுழைவு, இடம் என்னும் மூன்று அளவுகோல்களைக் கொண்டு இவ்வரலாறு இங்கு மறுவாசிப்புக்கு உட்படுத்தப்படுகிறது.

கோட்டையும் அரண்மனையும்

லூவர் தொடக்கத்தில் அரண்மனை அன்று. அரசர் இரண்டாம் பிலிப் சிலுவைப் போருக்குப் புறப்படும் முன்னர் 1190இல் பாரிசைச் சுற்றி மதில் எழுப்ப ஆணையிட்டார். மேற்கே நார்மண்டித் திசையிலிருந்து வரக்கூடிய தாக்குதலைத் தடுக்க, மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் எழுந்த கோட்டையே லூவர். 14ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் சார்லஸ் அதனை உறைவிடமாக மாற்றி, ஏறத்தாழ 900 கையெழுத்துச் சுவடிகள் கொண்ட நூலகத்தையும் அங்கு அமைத்தார்.

முதலாம் பிரான்சுவா 1528இல் கோட்டையின் நடுக் கோபுரத்தை இடித்தார். 1546இல் கட்டடக் கலைஞர் பியேர் லெஸ்கோவிடம் புதிய அரண்மனைப் பணியை ஒப்படைத்தார். லியோனார்டோ டாவின்சியைப் பிரான்சுக்கு வரவழைத்தவரும் இவரே. மோனாலிசா ஓவியம் பிரெஞ்சு அரச சேகரிப்பில் சேர்ந்தது இத்தொடர்பினாலேயாகும். 1564இல் கேத்தரின் தெ மெதிசி மேற்கே துயிலரி அரண்மனையைத் தொடங்கினார். நான்காம் ஹென்றி இரு அரண்மனைகளையும் இணைக்க ஆற்றங்கரையோரம் ஏறத்தாழ 450 மீட்டர் நீளமுள்ள பெருங்கூடத்தைக் கட்டினார். அதன் கீழ்த்தளங்களில் ஓவியர்களையும் கைவினைஞர்களையும் குடியமர்த்தினார்.

1682இல் பதினான்காம் லூயியின் அரசவை வெர்சாய்க்கு நிலையாக இடம்பெயர்ந்தது. அரசர் நீங்கிய அரண்மனையில் கல்விக்கழகங்கள் புகுந்தன. 1692இல் ஓவிய, சிற்பக் கழகம் லூவருக்கு வந்தது. அக்கழகத்தின் கண்காட்சிகள் 1737 முதல் லூவரின் சதுரக்கூடத்தில் ஒழுங்காக நடைபெற்றன. கட்டணமின்றி எவரும் காணத்தக்கவையாக இருந்த இக்கண்காட்சிகளே, கலையைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் ஒரு பார்வையாளர் கூட்டத்தை உருவாக்கின. அருங்காட்சியகம் தோன்றுவதற்கு முன்பே அதற்கான மக்கள் அதே கட்டடத்திற்குள் வந்து பழகிவிட்டனர் என்பது கருதத்தக்கது.

அரசரின் திட்டமாக அருங்காட்சியகம்

1747இல் லஃபோன் தெ சாந்த்-யென் என்பவர் பிரெஞ்சு ஓவியத்தின் நிலை குறித்துச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அரசரின் சேகரிப்பில் உள்ள தலைசிறந்த ஓவியங்கள் எவர் கண்ணிலும் படாமல் வெர்சாயில் முடங்கிக் கிடப்பதை அவர் கண்டித்தார். அவற்றை லூவரில் காட்சிக்கு வைக்குமாறும் வேண்டினார். இதன் எதிரொலியாக 1750இல் லக்சம்பர்க் அரண்மனையில் ஏறத்தாழ 100 அரச ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வாரத்தில் இரண்டு நாள்கள் பொதுமக்கள் சென்று காணலாம்.

இக்காட்சிக்கூடத்தின் முடிவு நம் வினாவிற்கு மிகவும் இன்றியமையாதது. 1770களின் இறுதியில் லக்சம்பர்க் அரண்மனை அரசரின் தம்பிக்கு உரிமையாக்கப்பட்டது, காட்சிக்கூடம் மூடப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மக்கள் பழகிய ஒன்று ஒரு குடும்பப் பாகப்பிரிவினையால் இல்லாமற்போயிற்று. எதிர்த்து வழக்காட எவருக்கும் உரிமை இல்லை. ஏனெனில் திறந்ததும் அரசரின் அருள், மூடியதும் அரசரின் விருப்பம். நுழைவு இருந்தது, உடைமை இல்லை. உடைமை இல்லாத நுழைவு எந்நேரமும் பறிபோகக்கூடியது என்பதை லக்சம்பர்க் காட்டுகிறது.

அரச கட்டடங்களின் தலைமை அலுவலராக 1774இல் பொறுப்பேற்ற தாஞ்சிவியே, லூவரின் பெருங்கூடத்தை ஓவிய அருங்காட்சியகமாக்கும் பணியை முனைந்து மேற்கொண்டார். அங்கு வைக்கப்பட்டிருந்த கோட்டை நகரங்களின் மாதிரி வடிவங்கள் 1777இல் அகற்றப்பட்டன. மேற்கூரை வழியே ஒளி வரச் செய்வதா, பக்கச் சாளரங்களே போதுமா, தீயிலிருந்து கூடத்தைக் காப்பது எங்ஙனம் என்பன பற்றிக் கட்டடக் கலைஞர்களின் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தன. பிளெமிய, பிரெஞ்சு ஓவியங்கள் சேகரிப்பின் இடைவெளிகளை நிரப்ப வாங்கப்பட்டன. 1789இல் புரட்சி தொடங்கியபோது கூடம் இன்னும் திறக்கப்படவில்லை. ஆகவே புரட்சியாளர்கள் அருங்காட்சியகம் என்னும் கருத்தையன்று, அரசர் முடிக்காமல் விட்ட ஒரு பணியையே ஏற்றனர். அவர்கள் புதிதாகச் சேர்த்தது அதன் உரிமையாளரை.

உடைமை மாற்றம்

1789 நவம்பர் 2ஆம் நாள் தேசிய அவை திருச்சபையின் சொத்துகளை நாட்டின் பொறுப்பில் வைத்தது. அரச உடைமைகளுக்கு நெடுங்காலமாக ஒரு விதி இருந்தது. 1566ஆம் ஆண்டின் மூலேன் ஆணைப்படி அரச நிலவுடைமையைக் கைமாற்றக் கூடாது. அரசர் அதன் காப்பாளரே, விற்பனையாளர் அல்லர். 1790இல் நிறைவேறிய சட்டம் இவ்வுடைமையை 'நாட்டின் உடைமை' என மறுபெயரிட்டு, நாட்டின் ஒப்புதலின்றி அதனைக் கைமாற்ற இயலாது என்றது. முடியாட்சியின் சட்டக் கருத்து ஒன்று குடிமக்களின் பெயரில் தொடர்ந்தது என்பது இங்கு உற்றுநோக்கத்தக்கது.

மாற்றம் ஒரே தாவலில் நிகழவில்லை. 1791 மே 26ஆம் நாள் ஆணை, லூவரையும் துயிலரியையும் அரசரின் உறைவிடமாகவும் அறிவியல், கலை நினைவுச்சின்னங்களைத் திரட்டும் இடமாகவும் ஒருசேர வரையறுத்தது. அரசரும் அருங்காட்சியகமும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம் என்றே அப்போது கருதப்பட்டது. 1792 ஆகஸ்ட் 10இல் துயிலரி தாக்கப்பட்டு முடியாட்சி வீழ்ந்த பின்னரே அந்த ஏற்பாடு பொருளற்றதாயிற்று. அரசரின் சேகரிப்பு, திருச்சபையிலிருந்து பெற்றவை, நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களிடமிருந்து பறிமுதலானவை ஆகியன லூவரை நோக்கி வரலாயின.

தேசியப் பேரவை திறப்பு நாளாக, முடியாட்சி வீழ்ந்த நாளின் முதலாம் ஆண்டு நிறைவைத் தேர்ந்தது. 1793 ஆகஸ்ட் 10இல் திறந்த கூடத்தில் 537 ஓவியங்கள் இடம்பெற்றன. அவற்றுள் பெரும்பகுதி அரச சேகரிப்பைச் சேர்ந்தவை. பணிகள் முடியாமையால் பொதுமக்களுக்கான முறையான நுழைவு அவ்வாண்டு நவம்பரில்தான் தொடங்கியது.

அதே ஆகஸ்ட் மாதத்தின் மற்றொரு நிகழ்வையும் இதனுடன் சேர்த்துக் காண வேண்டும். பிரெஞ்சு அரசர்களின் கல்லறைகள் இருந்த சாந்த்-தெனி கோவிலில் அக்கல்லறைகளை அழிக்க இதே பேரவை ஆகஸ்ட் 1இல் ஆணையிட்டது; சில நாள்களிலேயே அழிப்பு தொடங்கியது. ஓர் அவை ஒரே வாரத்தில் அரசர்களின் கல்லறைகளை உடைக்கவும், அரசர்களின் ஓவியங்களைப் போற்றவும் செய்தது. இது முரண்பாடு போலத் தோன்றினும் அவ்வாறன்று. கோவிலில் உள்ள கல்லறை அரசரையே நினைவூட்டும். அருங்காட்சியகச் சுவரில் தொங்கும் ஓவியம் ஓவியரை நினைவூட்டும். பொருளை அதன் பழைய பயனிலிருந்து பிரித்து 'கலை' என்று மட்டும் காட்டும் ஆற்றல் அருங்காட்சியகத்திற்கு இருந்தமையாலேயே முடியாட்சியின் செல்வம் குடியரசின் கையில் தப்பியது.

நாட்டின் உடைமையும் பிறர் உடைமையும்

பொருளை அதன் இடத்திலிருந்து பிரிக்கலாம் என்னும் இக்கருத்து நாட்டின் எல்லையோடு நிற்கவில்லை. 1794இல் பிரெஞ்சுப் படைகள் பெல்ஜியப் பகுதியைக் கைப்பற்றியபோது ஆண்ட்வெர்ப் பேராலயத்தின் ரூபன்சு ஓவியங்கள் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டன. அடிமைத்தளையில் உள்ள மக்களிடையே கலை சிறைப்பட்டுள்ளது. விடுதலை பெற்ற நாடே அதன் உண்மையான இல்லம் என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம். அரசரிடமிருந்து எடுக்கக் கூறிய அதே வாதம், அயல்நாட்டு ஆலயத்திலிருந்து எடுக்கவும் பயன்பட்டது.

இத்தாலியில் இச்செயல் ஒப்பந்த வடிவம் பெற்றது. 1797 பிப்ரவரியில் கையெழுத்தான தொலெந்தினோ உடன்படிக்கை, 100 கலைப்படைப்புகளையும் 500 சுவடிகளையும் போப்பாண்டவர் வழங்க வேண்டும் என்ற முந்தைய போர்நிறுத்த நிபந்தனையை உறுதிசெய்தது. லவோகூன் சிற்பமும் பெல்வெதேர் அப்பல்லோவும் இவ்வாறு சென்றவையே. 1798 ஜூலையில் இவை பாரிசுத் தெருக்களில், வெனிசின் வெண்கலக் குதிரைகளோடும் ஒட்டகங்களோடும் வெற்றி ஊர்வலமாக எடுத்துவரப்பட்டன.

பிரான்சுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. 1796இல் காத்ரமேர் தெ கேன்சி, தளபதி மிராந்தாவுக்கு எழுதிய கடிதங்கள் என்னும் வடிவில் ஒரு நூலை வெளியிட்டார். உரோமை நகரம் சிலைகளின் தொகுப்பு அன்று. அதன் இடிபாடுகள், சாலைகள், மலைகள், ஒளி, மக்கள் வழக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அருங்காட்சியகம். அதிலிருந்து ஒன்றைப் பெயர்ப்பது முழுமையைச் சிதைப்பதாகும் என்பது அவரது வாதத்தின் சாரம். கலையும் அறிவும் ஐரோப்பா முழுமைக்கும் உரியவை. எந்த நாடும் அவற்றைத் தனக்கெனக் கவர இயலாது என்றும் அவர் கூறினார். அவரது கருத்தை ஒட்டி ஐம்பது கலைஞர்கள் அரசுக்கு ஒரு விண்ணப்பம் அளித்தனர்; ஓவியர் டேவிட் அவர்களுள் ஒருவர். அரசு அதனை ஏற்கவில்லை. ஆயினும் இன்றைய கலைப்பொருள் மீட்பு விவாதங்களில் எழும் அடிப்படை வாதங்கள் பலவும் அன்றே கூறப்பட்டுவிட்டன.

1802இல் விவான் தெனோன் இயக்குநரானார். அடுத்த ஆண்டு அருங்காட்சியகம் நெப்போலியனின் பெயரைச் சூடியது. நாட்டின் உடைமை மீண்டும் ஒரு மனிதரின் பெயரில் நின்றது. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் நிகழ்ந்தது மேலும் சிந்திக்கத்தக்கது. 1814இல் அரியணை ஏறிய பதினெட்டாம் லூயி, புரட்சியால் தலைவெட்டப்பட்ட அரசரின் தம்பி. லக்சம்பர்க் அரண்மனையைப் பெற்றவரும் இவரே. அவரும், படைகள் கொண்டுவந்த கலைச்செல்வங்கள் பிரான்சுக்கே உரியவை என்று நின்றார். ஆட்சி மாறியது, உடைமை பற்றிய நிலைப்பாடு மாறவில்லை.

வாட்டர்லூவுக்குப் பின் 1815இல் நேசநாடுகள் தத்தம் பொருள்களைத் திரும்பக் கேட்டன. போப்பாண்டவரின் சார்பில் சிற்பி கனோவா பாரிசு வந்தார். உடன்படிக்கைகளின் வழிப் பெற்றவை எனத் தெனோன் வாதிட்டார். போரின் வன்மையால் பெற்றவை நீதிக்கும் நாகரிக நாடுகளின் போர்முறைக்கும் மாறானவை என வெலிங்டன் மறுத்தார். ஏறத்தாழ 5,000 பொருள்கள் திரும்பிச் சென்றன. தெனோன் பதவி விலகினார். எல்லாம் திரும்பிவிடவில்லை. ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட வெரோனீசின் 'கானாவூர்த் திருமணம்', எடுத்துச்செல்ல இயலாத அளவினது என்னும் காரணத்தால் பாரிசிலேயே தங்கியது. வெனிசுக்கு மாற்றாக லெ புரூனின் ஓவியம் ஒன்று அனுப்பப்பட்டது. அது வெனிசிலிருந்து துண்டுகளாக வெட்டி எடுத்துவரப்பட்டது என்பதை நினைவில் கொண்டால், அக்காரணத்தின் வலிமை எத்தகையது என்பது விளங்கும்.

நுழைவு

1793இன் புதிய நாள்காட்டியில் வாரத்திற்குப் பத்து நாள்கள். அவற்றுள் இறுதி மூன்று நாள்களே பொதுமக்களுக்குரியவை. எஞ்சிய நாள்களுள் பெரும்பகுதி படியெடுத்துப் பயிலும் கலைஞர்களுக்கு ஒதுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையே மக்களின் நாளாக இருந்தது. கடவுச்சீட்டைக் காட்டிய அயல்நாட்டார் மற்ற நாள்களிலும் அனுமதிக்கப்பட்டனர். உடைமையாளர் எனப்பட்ட குடிமகனைவிட விருந்தினருக்கு நுழைவு எளிதாக இருந்தது.

நுழைவும் உடைமையும் வெவ்வேறு என்பதற்கு லூயி பிலிப்பின் எசுப்பானிய ஓவியக்கூடம் தெளிவான சான்று. 1838இல் லூவரில் திறக்கப்பட்ட இக்கூடத்தில் நானூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருந்தன. மக்கள் பத்தாண்டுகள் அவற்றைக் கண்டனர். ஆனால் அவை அரசரின் சொந்தப் பொருள்கள். 1848இல் அவர் அரியணை இழந்ததும் அவை அவருக்கே திருப்பித் தரப்பட்டு, 1853இல் இலண்டனில் ஏலத்தில் சிதறின. லக்சம்பர்க்கில் நிகழ்ந்தது எழுபது ஆண்டுகளுக்குப் பின் லூவருக்குள்ளேயே மீண்டும் நிகழ்ந்தது.

1922இல் நுழைவுக்கட்டணம் வந்தது. 2025 நவம்பரில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 32 யூரோ பெறுவதென முடிவு செய்யப்பட்டது. பிறருக்கான கட்டணத்தைவிட இது மிகுதி. 'பொது' என்பது குடிமக்களையா, மாந்தர் அனைவரையுமா குறிக்கிறது என்னும் பழைய வினா, இம்முறை எதிர்த்திசையிலிருந்து எழுந்துள்ளது.

இடம்

அருங்காட்சியகம் நெடுங்காலம் அரண்மனையின் ஒரு பகுதியிலேயே இயங்கியது. கலைஞர் குடும்பங்கள் 1806 வரை அங்கு வாழ்ந்தன. 1810 ஏப்ரல் 2இல் நெப்போலியன், மேரி லூயியை மணந்தபோது ஊர்வலம் பெருங்கூடத்தின் வழியே சென்றது. சதுரக்கூடம் சிற்றாலயமாக மாற்றப்பட்டது. 1850களில் மூன்றாம் நெப்போலியன், விஸ்கோந்தி, லெஃபுவெல் ஆகியோரைக் கொண்டு வடக்குச் சிறகைக் கட்டி முடித்து, லூவரையும் துயிலரியையும் முழுமையாக இணைத்தார். 1857இல் திறக்கப்பட்ட புதிய பகுதிகளில் அமைச்சருக்கான மாளிகை அறைகளும் குதிரை லாயங்களும் இருந்தன. அவை ஓவியங்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

1871 மே மாதம் பாரிசு கம்யூனின் இறுதி நாள்களில் துயிலரி எரிந்தது; லூவரின் நூலகமும் அழிந்தது. அரசர்கள் வாழ்ந்த துயிலரியின் இடிபாடுகள் 1883இல் அகற்றப்பட்டன. அரசியல் அதிகாரம் முற்றிலும் அகன்றதா எனில் இல்லை. 1871இலேயே நிதி அமைச்சகம் வடக்குச் சிறகில் குடியேறி, நூறாண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தது.

1981 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் மித்தெரான் முழு அரண்மனையையும் அருங்காட்சியகத்திற்கு அளிக்கும் திட்டத்தை அறிவித்தார். ஐ. எம். பேய் வடிவமைத்த கண்ணாடிப் பிரமிடு 1989இல் திறக்கப்பட்டது. அமைச்சகம் வெளியேறிய சிறகு 1993 நவம்பர் 18இல் காட்சிக்கூடமாயிற்று. 1980களின் அகழாய்வில் வெளிப்பட்ட இரண்டாம் பிலிப் கோட்டையின் அடித்தளமும் இன்று காட்சிப்பொருளே. கட்டடம் முழுமையாக அருங்காட்சியகமாக இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பின்வருவன பெறப்படுகின்றன. நுழைவு 1750இல் அரசரின் அருளாகத் தொடங்கியது. உடைமை 1789 முதல் 1793 வரையிலான சட்டங்களால் மாறியது. இடம் 1993இல் நிறைவுற்றது. 1793 ஆகஸ்ட் 10இன் சிறப்பு, கதவு திறந்ததில் இல்லை. அது முன்பும் சில நேரம் திறந்திருந்தது. திறந்த கதவை மூடும் உரிமை ஒருவரிடம் இல்லாமற்செய்ய வேண்டும் என்னும் கொள்கையை முன்வைத்ததே அதன் சிறப்பு.

அக்கொள்கையின் விலையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். அரசு அருங்காட்சியகங்களின் பொருள்களைக் கைமாற்ற இயலாது என 2002ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்கிறது. மூலேன் ஆணையில் வேர்கொண்ட இவ்விதி, ஆட்சியாளரின் விருப்பத்திலிருந்து சேகரிப்பைக் காக்கிறது. அதே விதி, பிறரிடமிருந்து எடுத்த பொருளைத் திருப்பித் தரவும் தடையாகிறது. 1892இல் அபோமே அரண்மனையிலிருந்து கவரப்பட்டு, பாரிசின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் இருந்த 26 பொருள்களைப் பெனின் நாட்டிற்கு அளிக்க, 2020 டிசம்பரில் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அரசரிடமிருந்து பெற்றதும் அயலாரிடமிருந்து பெற்றதும் சட்டத்தின் பார்வையில் ஒரே உடைமையாக நிற்கின்றன. அவ்விரண்டையும் வேறுபடுத்தி ஆராய்வது லூவருக்கு மட்டுமன்றி, அரச சேகரிப்புகளிலிருந்தும் படையெடுப்புகளிலிருந்தும் வளர்ந்த பிற அருங்காட்சியகங்களின் ஆய்வுக்கும் அடிப்படையாகும்.